வாசகர்கள் கண்டெடுத்த பேரரசர்

தில்லியில் பழைய நகரத்தின் மதிலைக் கடந்து சற்றே தெற்கு நோக்கி வருவோர், பிரோஸ்ஷா கோட்லா என்னும் இடிந்த கோட்டையைக் காண்பர். அதனுள், அடுக்கடுக்காகக் குறுகி எழும் கட்டடம் ஒன்றின் உச்சியிலே, ஒரே கல்லால் ஆன தூண் ஒன்று நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். மேனியெங்கும் எண்ணெய் பூசியது போன்ற மெருகு. அம்மெருகின்மேல் வரிசை வரிசையாக எழுத்துகள். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நாம், அக்கோட்டையின் மதிலை நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்கிறோம். அலுவலகத்தை அடைந்து, மொழிபெயர்க்க வேண்டிய தாளைக் கையில் எடுத்தால், அதன் தலைப்பிலே சிங்கங்கள் விளங்கும் அரசு முத்திரை. தூணில் எழுத்துகளைப் பொறித்தவரும், முத்திரைக்கு மூலமான சாரநாத்துச் சிங்கத் தூணை நிறுத்தியவரும் ஒருவரே. அவர் மௌரியப் பேரரசர் அசோகர்.

இவ்வுண்மை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததாகும். ஆனால் 1836ஆம் ஆண்டிலே, இத்தூணின் பழமையான எழுத்துகளைப் படிக்க வல்லவர் இந்நாட்டில் எவரும் இலர். பிற நாட்டிலும் இலர். அசோகர் என்னும் பெயர் புராணங்களின் அரச வரிசையிலே பலவற்றுள் ஒன்றாகக் கிடந்தது. அப்பெயருக்கும் இத்தூணுக்கும் உள்ள உறவை யாரும் கண்டிலர்.

இவ்வெழுத்தைப் படித்தவர் யார் என்று கேட்டால், ஜேம்ஸ் பிரின்செப் என்று பாடநூல்கள் விடை கூறும். அவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. பிரின்செப் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர். அப்பத்திரிகைக்கு வாசகர்கள் இருந்தனர். வந்த இதழைப் படித்து அலமாரியில் அடுக்கிவிடும் வாசகர்கள் அல்லர் அவர்கள்; படித்தபின் எழுந்து சென்று, மலையேறி, மண்ணைத் தோண்டி, கண்டதை எழுதி அனுப்பிய வாசகர்கள். பிரின்செப்பின் அறிவுக்கு அவர்களே கைகளாகவும் கால்களாகவும் விளங்கினர். அந்த வாசகர்களின் வரலாற்றையே ஈண்டு நாம் கூறப் புகுகின்றோம்.

தூணின் மௌனம் நீண்டது. 14ஆம் நூற்றாண்டிலே தில்லியை ஆண்ட சுல்தான் பிரோஸ்ஷா துக்ளக், தோப்ரா என்னும் ஊரிலிருந்து இதனைத் தில்லிக்குக் கொணர்ந்தார். தூண் விழும்போது உடையாமலிருக்க இலவம் பஞ்சு மெத்தையைப் பரப்பியதையும், 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றியதையும், யமுனையில் படகுகளின்மேல் மிதக்கவிட்டதையும் அக்காலத்து வரலாற்றாசிரியர் விரிவாக எழுதி வைத்துள்ளார். அத்தனை முயற்சியோடு கொணர்ந்த கல்லில் எழுதியிருப்பது என்னவென்று அறியச் சுல்தான் பண்டிதர்களை அழைத்தார். அவர்களாலும் படிக்க இயலவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலப் பயணி, இது கிரேக்க எழுத்து என்றும், அலெக்சாந்தர் நாட்டிய வெற்றித் தூண் என்றும் கருதினார். தெரியாததைத் தெரிந்தது போல எண்ணிக்கொள்வது மனித இயல்பு அன்றோ!

1784ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1788 முதல் பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. 1839 வரை அவ்வரிசையில் வெளிவந்தவை 20 தொகுதிகளே. அரை நூற்றாண்டில் இருபது என்றால், ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுகள் பல கழியும் என்பது வெளிப்படை. ஒரு கட்டுரையைப் படித்த ஒருவர் மறுப்போ விளக்கமோ எழுதினால், அது அச்சேறும்போது முன்னவர் நாடு திரும்பியிருப்பார். சில வேளைகளில் உலகை விட்டே நீங்கியிருப்பார். அத்தகைய தொகுதிகளில் அறிவு உண்டு, உரையாடல் இல்லை.

இக்குறையை நீக்கியது ஒரு சிறிய மாத வெளியீடு. 1829ஆம் ஆண்டில் காப்டன் ஹெர்பர்ட் என்பவர், 'விஞ்ஞானத் திரட்டு' என்று பொருள்படும் பெயரோடு ஓர் ஆங்கில மாத இதழைக் கல்கத்தாவில் தொடங்கினார். ஐரோப்பிய விஞ்ஞானச் செய்திகளைத் திரட்டி இந்நாட்டில் வாழ்வோருக்கு அளிப்பதே அதன் முதல் நோக்கம். நாளடைவில் வாசகர்கள் தாமே எழுதி அனுப்பிய செய்திகள் பெருகின. ஹெர்பர்ட் அயோத்தி அரசின் வான நூல் அறிஞராக லக்னோவுக்குச் சென்றபின், இதழ் பிரின்செப்பின் கைக்கு வந்தது. 1832இல் அதுவே 'ஆசியச் சங்கத்தின் சஞ்சிகை' என்னும் பெயரைப் பெற்றது.

பிரின்செப்பின் தொழில் எழுத்தாராய்ச்சி அன்று. அவர் அக்கசாலையில் பொன் வெள்ளியின் மாற்றுப் பார்க்கும் அதிகாரி. 1799இல் பிறந்த அவர், முதலில் கட்டடக் கலை பயின்றார். கண் நோயினால் அதனைக் கைவிட்டு, மாற்றுப் பார்க்கும் தொழிலைக் கற்று, 1819இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் காசி நாணயச் சாலையில் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். அங்கே உலையின் கடும் வெப்பத்தை அளக்கும் முறை ஒன்றை வகுத்தார்; அது பற்றிய அவரது கட்டுரை 1828இல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. குன்றிமணியினும் மிகச் சிறிய எடையை அறியும் தராசு ஒன்றையும் அவர் அமைத்தார். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை அளந்து பழகியவர் அவர். பழங்காசுகள் முதலில் உலோகமாகவே அவர் கைக்கு வந்தன. பிறகே அவற்றின் எழுத்து அவரைப் பற்றிக்கொண்டது.

அச்சஞ்சிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்ப்பவர் வியப்படைவர். ஒரு பக்கத்தில் கல்கத்தாவின் தட்பவெப்பக் குறிப்பு. அடுத்த பக்கத்தில் சிவாலிக் மலையில் கிடைத்த விலங்குகளின் கல்லான எலும்புகள். அதனை அடுத்துத் திபெத்திய நூல் பற்றிய ஆய்வு. பின்னர்ப் பழங்காசுகளின் படத்தகடு. தொழில் நுட்பத்தையும் பண்பாட்டையும் வேறு வேறு அறைகளில் பூட்டி வைக்கும் வழக்கம் அவ்விதழில் இல்லை. கால்வாய் வெட்டும் பொறியாளரே கல்லான எலும்பையும் அனுப்பினார், பழங்காசையும் அனுப்பினார். பிராபி காட்லி என்பவரை இதற்குச் சான்றாகக் கூறலாம். யமுனைக் கால்வாயைத் தூர் வாரும்போது, பேஹட் என்னும் ஊரருகே, தரைமட்டத்துக்குச் சுமார் 17 அடி ஆழத்தில் ஒரு பழைய ஊரின் அடையாளங்களும் காசுகளும் கிடைத்தன. அவர் அதனை எழுதி அனுப்பினார். 1834இல் அது அச்சாயிற்று. சிவாலிக் எலும்புகளை ஆராய்ந்தமைக்காக அவருக்கும் ஃபால்கனருக்கும் 1837இல் லண்டன் நிலவியல் சங்கம் வோலஸ்டன் பதக்கம் அளித்தது.

பிரின்செப்பின் ஆசிரியத் திறத்தில் தலையாயது, தமக்குத் தெரியாததை அச்சிடும் துணிவு. அலகாபாத்துக் கோட்டையில் அப்போது தரையில் வீழ்ந்து கிடந்த தூணின் எழுத்துகளை லெப்டினன்ட் பர்ட் என்னும் வாசகர் படியெடுத்து அனுப்பினார். அவற்றுள் மிகப் பழைய எழுத்தைப் பிரின்செப்பால் படிக்க முடியவில்லை. படித்து முடித்த பிறகு வெளியிடலாம் என்று அவர் பெட்டியில் வைத்துப் பூட்டினாரில்லை. 1834ஆம் ஆண்டு இதழிலேயே படத்தகடாக வெளியிட்டார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது, எந்தெந்தச் சிறு கோடுகள் அதனுடன் சேர்கின்றன என்று எண்ணி ஓர் அட்டவணையும் அமைத்தார். ஒவ்வோர் எழுத்தும் சில குறிப்பிட்ட கோடுகளையே ஏற்பதைக் கண்டு, அவை உயிர்மெய்க் குறிகள் என்று ஊகித்தார். ஒலி ஒன்றும் அறியாமலேயே எழுத்தின் அமைப்பு இவ்வாறு வெளிப்பட்டது. மேலும் இத்தகைய எழுத்துகள் எங்கே கிடைத்தாலும் அனுப்புக என்று வாசகர்களை வேண்டினார்.

வேண்டுகோள் வீண் போகவில்லை. நேபாளத்தில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன், பீகாரின் வடபகுதியில் பெத்தியாவை அடுத்து நிற்கும் தூண்களின் எழுத்துகளை அனுப்பினார். தில்லிப் படி, அலகாபாத்துப் படி, பெத்தியாப் படி ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிரின்செப், ஒரு பெரிய உண்மையைக் கண்டார். மூன்றிலும் இருப்பவை ஒரே வாசகங்கள்! நூற்றுக்கணக்கான கல் தொலைவில் நிற்கும் தூண்கள் ஒரே செய்தியைச் சொல்லுகின்றன என்றால், அது ஓரூர்ப் பெருமையோ ஒரு போரின் வெற்றியோ ஆகாது. பரந்த நாட்டை ஆண்ட ஒருவரது கட்டளையாகவே இருத்தல் வேண்டும். ஒரு படியில் சிதைந்த எழுத்தை மற்றொரு படியைக் கொண்டு திருத்தவும் இதனால் வழி பிறந்தது. தனித்தனியே ஒவ்வொருவரிடமும் இருந்தவரை அவை வெறும் கோடுகள். ஓரிதழில் கூடியபோதே சான்றுகள் ஆயின.

1836இல் ஜெர்மனியில் இருந்த கிறிஸ்தியன் லாசன் என்னும் பேராசிரியர், அகதோக்ளிஸ் என்னும் கிரேக்க மன்னனின் காசில் ஒரு புறம் கிரேக்கத்திலும் மறுபுறம் இப்பழைய இந்திய எழுத்திலும் அவன் பெயர் இருப்பதைக் கண்டு சில எழுத்துகளின் ஒலியை உணர்ந்தார். முழுக் கதவும் திறந்தது 1837இல். சாஞ்சித் தூபியின் எழுத்துகளைப் படியெடுக்கப் பொறியாளர் காப்டன் எட்வர்டு ஸ்மித் முயன்றார். பெரிய கல்வெட்டுகளோடு நில்லாமல், தூபியைச் சூழ்ந்த கல் வேலியின் கம்பங்களிலே கிறுக்கியது போலக் காணப்பட்ட சிறு சிறு வரிகளையும் அவர் படியெடுத்து அனுப்பினார். பெரியதைத் தேடியவருக்கு வழி காட்டியவை இச்சிறு வரிகளே.

அவற்றைப் படத்தகட்டுக்காக வரிசைப்படுத்திய பிரின்செப், ஏறத்தாழ எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கோயிலின் வேலியிலும் கம்பத்திலும் தனித்தனியே எழுதப்படும் குறுவரி எதுவாக இருக்கும்? நம் கோயில்களின் விளக்கிலும் படியிலும் இன்றும் காண்பது யாது? 'இன்னார் உபயம்' என்பதன்றோ! அவ்வாறாயின் ஈற்றில் வரும் சொல் 'தானம்' என்பதாகலாம். அதற்கு முன்னர் அடிக்கடி வரும் எழுத்து, 'இன்னாருடைய' என்னும் பொருள் தரும் 'ஸ' உருபாகலாம். இந்த ஊகத்தினால் கிடைத்த சில ஒலிகளைக் கொண்டு மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மே மாதத்திலே இத்திறவுகோல் கிடைத்தது. ஜூன் இதழில் சாஞ்சி வரிகள் வந்தன. ஜூலை இதழில் தில்லித் தூணின் மொழிபெயர்ப்பே வந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாய் திறவாத கல், சில வாரங்களிலே பேசலாயிற்று.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நம்மை மிகவும் ஈர்ப்பது இதனை அடுத்து நிகழ்ந்ததாகும். தூணில் பேசும் மன்னர் தம்மைத் 'தேவானாம்பிய பியதசி' என்று கூறிக்கொள்கிறார். தேவர்களுக்கு இனியவன், அன்புடன் நோக்குபவன் என்பது பொருள். இப்பெயர் எந்த மன்னருடையது? இந்திய அரச வரிசைகளில் இது காணப்படவில்லை. இலங்கையிலோ தேவானாம்பிய திஸ்ஸன் என்னும் மன்னன் இருந்தான். ஆகவே இம்மன்னர் அந்த இலங்கை வேந்தரே என்று பிரின்செப் முடிவு கட்டி அச்சிட்டும் விட்டார். அது பிழையான முடிவு.

அப்பிழையைத் திருத்தியவரும் ஒரு வாசகரே. இலங்கை அரசுப் பணியில் இருந்த ஜார்ஜ் டர்னர், பாலி மொழி கற்று, மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அதே 1837இல் வெளியிட்டவர். பிரின்செப்பின் கட்டுரையைப் படித்த அவர், தீபவம்சம் என்னும் பழைய பாலி நூலிலே ஒரு செய்தியைக் கண்டார். புத்தர் பரிநிருவாணம் அடைந்து 218 ஆண்டுகள் ஆனபின் முடிசூடிய பியதஸ்ஸி என்பவர், சந்திரகுப்தரின் பேரரும் பிந்துசாரரின் மகனுமான அசோகரே என்று அந்நூல் காட்டியது. டர்னர் உடனே எழுதினார். பிரின்செப் தம் முடிவைப் பற்றிக்கொண்டு வாதாடினாரில்லை. அவ்வாண்டின் இதழ்களுக்குள்ளாகவே டர்னரின் விளக்கத்தை வெளியிட்டார். தம் பெயரால் வந்த பெரும் கண்டுபிடிப்பின் மையத்திலே தாம் செய்த தவற்றை, அதே பத்திரிகையில் பிறர் கையால் திருத்த இடம் அளித்தார். தூணுக்கு உரியவர் அசோகர் என்று உலகம் அறிந்தது இவ்வாறுதான்.

அதன்பின் தூண்களோடு பாறைகளும் பேசத் தொடங்கின. குஜராத்தின் கிர்நார்ப் பாறையின் படிகள் பம்பாய் வழியாக வந்தன. ஒரிசாவின் தௌலிப் பாறையை 1837இல் கண்டு எழுதியவர் மார்க்கம் கிட்டோ என்னும் இராணுவ அதிகாரி. இப்படியைச் சரிபார்க்க அவர் மறுமுறை தௌலிக்குச் சென்ற செய்தியை நாம் மறக்கவே இயலாது. விடியுமுன் சென்ற அவரை அங்கே உலவிய கரடிகள் எதிர்ப்பட்டன. பொழுது புலர்ந்ததும், மரத்தின் கவைக் கிளைகள் இரண்டை வெட்டிப் பாறையில் சார்த்தி, அவற்றின்மேல் நின்றுகொண்டு படியெடுத்தார். கிளைகள் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்தியிருந்தார். கிட்டோ எழுத்தில் மூழ்கித் தம் கால்நிலையை மறந்தார். பிடித்திருந்த ஆளோ கண்ணயர்ந்து கையை விட்டுவிட்டார். கிட்டோ தலைகீழாக விழுந்தார். நல்வினையாகக் கைகளை ஊன்றி வீழ்ந்ததனால் சிராய்ப்புகளோடு தப்பினார். சற்றே இளைப்பாறி, மீண்டும் ஏறி, எஞ்சிய வேலையை முடித்தார்.

கிட்டோவின் பெயர் சஞ்சிகையில் இருக்கிறது. கிளையைப் பிடித்திருந்தவரின் பெயர் இல்லை. விடியுமுன் எத்தனை கல் தொலைவு சுமை தூக்கி நடந்த களைப்பில் அவர் கண்ணயர்ந்தாரோ! அவர் பிடித்திருந்த நேரம் வரையில் எழுதப்பட்ட எழுத்துகளில் அவருக்கும் பங்கு உண்டு. இவ்வாறே படியெடுக்க மை குழைத்தவர், துணியை நனைத்துக் கல்லில் ஒற்றியவர், மூட்டையைச் சுமந்து காட்டு வழியில் ஓடிய தபால்காரர் எனப் பெயரின்றி நின்றோர் பலராவர்.

தௌலியையும் கிர்நாரையும் ஒப்பிட்டபோது அவையும் பெரும்பாலும் ஒரே சாசனங்கள் என்பது விளங்கியது. 1838இல் பிரின்செப் அவற்றில் அந்தியோகஸ், தாலமி முதலிய யவன மன்னர்களின் பெயர்களைப் படித்தார். அதனால் அசோகரின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்பது உறுதியாயிற்று. அதே சாசனங்களில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ உதவி செய்ததைக் கூறுமிடத்தில், எல்லைக்கு அப்பாற்பட்ட நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. தமிழ் மன்னர் குடிகளின் பெயர் காலம் வரையறுக்கத்தக்க கல்லிலே இவ்வாறு வெளிப்பட்டது. சத்தியபுத்திரர் யார் என்னும் ஐயம் மட்டும் நெடுநாள் நின்றது. 1981இல் தமிழ்நாட்டின் ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று குறித்து அவ்வையத்தைத் தீர்த்தது.

இவ்வரலாற்றைக் கூறுமிடத்து அதன் குறையையும் மறைத்தல் தகாது. ஆசியச் சங்கம் தொடங்கி 45 ஆண்டுகள் கழித்தே, 1829இல், இந்தியர்கள் அதன் உறுப்பினர் ஆக முடிந்தது. சஞ்சிகையில் எழுதியோருள் பெரும்பாலோர் கம்பெனியின் இராணுவத்தினரும் அதிகாரிகளும். அவர்கள் நாட்டை அளந்தது ஆளுவதற்காகவே. ஆயினும் அவர்களுக்குப் பொருள் கூறியவர்கள் நம்மவர்கள். பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரர், பிரின்செப்பின் கல்வெட்டு வேலையில் வடமொழித் துணையாக அமர்ந்தவர். பாலி மொழிக்கு இலங்கையரான ரத்னபாலர் உதவினார். இவர்கள் பெயர் கட்டுரைகளில் ஆங்காங்கே நன்றியோடு வருகின்றது. எனினும் கட்டுரையின் தலைப்பிலே வருவதில்லை. இன்று மொழிபெயர்ப்பாளரின் பெயரும் பெரும்பாலும் அட்டைக்கு உள்ளேதான் இருக்கிறது என்பதனால், இவ்விடத்தில் நம் மனம் சற்றே நின்றுவிடுகிறது.

பிரின்செப் பகலில் நாணயச் சாலை, இரவில் கல்வெட்டு, இடையே பத்திரிகையின் மெய்ப்பு எனத் தம்மைத் தேய்த்துக்கொண்டார். 1838ஆம் ஆண்டின் இறுதியில் நோயுற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், 1840 ஏப்ரல் 22ஆம் நாள் லண்டனில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 40. கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயரால் எழுந்த துறை இன்றும் உள்ளது. ஆனால் அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் அவருடைய வாசகர்களே. அவருள் ஒருவர், பத்தொன்பது வயதுப் பொறியாளராகக் கல்கத்தா வந்து, அவரது நட்பால் காசுகளிலும் தூபிகளிலும் நாட்டம் கொண்ட அலெக்சாந்தர் கன்னிங்காம். இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தொடக்கம் 1861இல் அவர் தலைமையிலேதான் நிகழ்ந்தது. 1915இல் மஸ்கி என்னுமிடத்தில் பொன் தேடிய ஒரு பொறியாளர் கண்டெடுத்த சாசனத்தில், அசோகர் என்னும் பெயரே வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. டர்னர் நூலிலிருந்து கூறியதைக் கல்லே உறுதி செய்ய 78 ஆண்டுகள் ஆயின.

இனி நம் கதை ஒன்றையும் கூறி முடிப்போம். பல ஆண்டுகளுக்கு முன், ஏரிகளைப் பேணுவது பற்றிய ஒரு சிறு நூலை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. ஏரி நிரம்பியபின் மிகுநீர் வழிந்தோடும் அமைப்பைக் குறிக்கும் சொல்லை நாம் 'மதகு' என்று எழுதிவிட்டோம். நூல் அச்சாகிப் பரவிய சில மாதங்களில் ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஒரு சிற்றூர் விவசாயி. "ஐயா, மதகு என்பது வயலுக்கு நீர் விடுவது, அதனை அடைக்கலாம், திறக்கலாம். தாங்கள் சொல்வது கலிங்கல். இந்நூலைப் படித்து மதகில் கை வைத்தால் ஏரி உடையும்" என்று நான்கு வரிகள், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அவர் சொன்னது சரியென்று உணர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த பதிப்பில் சொல்லைத் திருத்தினோம். ஆனால் அவருக்கு மறுமொழி எழுதவில்லை. முன் பதிப்பில் பிழை இருந்தது என்று எங்கும் குறிக்கவும் இல்லை. பிழை வெளியே தெரியாமல் மறைந்ததைப் பெரிய ஆறுதலாகவே அன்று கருதினோம். டர்னரின் விளக்கத்தை அச்சிட்ட பிரின்செப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த அஞ்சலட்டை நினைவுக்கு வரும். பேரரசர் ஒருவரின் பெயரில் நேர்ந்த பிழையும், ஏரிக்கரையின் சொல்லில் நேர்ந்த பிழையும் ஒரே தராசில் நிற்குமா என்று கேட்கலாம். ஏரி உடைந்தால் நனைவது அவருடைய வயல்; ஆகவே அவருக்கு அது சிறிய பிழை அன்று.

ஒரு பத்திரிகையோ நூலோ வானொலிப் பேச்சோ, வெளியானவுடன் முடிந்துவிடுவதில்லை. அதனைப் பெறுபவர் தாம் கண்டதையும், தம் கையால் தொட்டு அறிந்ததையும் எழுதி அனுப்பும்போதே அது நிறைவு பெறுகிறது. தௌலியில் கிட்டோ அனுப்பாதிருந்தால், சாஞ்சியில் ஸ்மித் சிறு வரிகளைப் புறக்கணித்திருந்தால், இலங்கையில் டர்னர் 'நமக்கென்ன' என்று இருந்திருந்தால், நம் முத்திரைச் சிங்கங்களின் வரலாற்றை நாம் அறிய இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! எழுதுபவர் கடன் ஒன்று. படிப்பவர் கடன் ஒன்று. வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதுவது மூன்றாவது கடன்.

இப்பேச்சை எழுதி முடித்த அன்று, மேசை இழுப்பறையின் அடியில் கிடந்த அந்த அஞ்சலட்டையைத் தேடி எடுத்தோம். மை மங்கியிருந்தது, முகவரி மட்டும் தெளிவாக இருந்தது. அதே முகவரிக்கு, பிழை நம்முடையதே என்றும், திருத்தம் அவருடையதே என்றும் எழுதி, கோட்லாவை அடுத்த தபால் பெட்டியிலே சேர்த்தோம். அவர் இன்னும் அவ்வூரில் இருப்பின், அது அவர் கைக்குச் சேரும்.